மார்த்தாண்டம் 1954: ஒரு துப்பாக்கிச்சூடும் ஒரு கட்சியின் பிளவும்

(சற்றே நீண்ட பதிவு. வரலாறும் அரசியலும் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் அளித்த அரிசி வாக்குறுதியைத் தமிழகத்தில் அறியாதார் இலர். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அதன் வடிவம். ஆட்சி அமைந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கப்பட்டது. நிதிச்சுமை தாளாமல் மாநிலம் முழுவதற்கும் விரிவுபெறாது நின்றுபோனது. அம்முழக்கத்தின் ஓசை நயத்தைப் பலரும் வியந்துள்ளனர். என்னைக் கவர்வது அதன் பொருளமைப்பு. லட்சியமும் நிச்சயமும் அங்கே ஒரே அளவுகோலில் அமைந்த இரண்டு புள்ளிகள். ஒன்று மூன்று படி, மற்றொன்று ஒரு படி. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவில் மட்டுமே, தன்மையில் வேறுபாடில்லை.

மைய-இடது அரசியலைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி இந்த அளவுகோலையே கையாள்கிறது. இலட்சியவாதி முழுமையை இப்போதே கேட்பவர். நடைமுறைவாதி கிடைக்கும் பகுதியை இன்று பெற்றுக்கொண்டு மீதியை நாளைக்கு ஒத்திவைப்பவர். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959இல் பாட் கோடஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட்டுப் புதிய வேலைத்திட்டம் வகுத்ததும், பிரிட்டனின் தொழிற்கட்சி உற்பத்திச் சாதனங்களின் பொதுவுடைமையைப் பேசிய தன் நான்காம் பிரிவை 1995இல் மாற்றி எழுதியதும் இவ்வாறே விளக்கப்படுகின்றன. வரிவிகிதம், கூலி, தேசியமயம் ஆகியவற்றுக்கு இவ்விளக்கம் பொருந்தும். பங்கிட்டுக் குறைத்துக்கொள்ள இயலாதவற்றுக்குப் பொருந்தாது. எதைச் செய்யலாகாது என்று ஒரு கட்சியின் கொள்கை சொல்கிறதோ, அதையே அக்கட்சியின் அரசு செய்துவிட்ட நாளில் மூன்று படி, ஒரு படிக் கணக்குக்கு இடமில்லை. இந்திய சோஷலிஸ்டுகளுக்கு அத்தகைய நாள் 1954 ஆகஸ்டு 11 அன்று வந்தது. வந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டமும் புதுக்கடையும்.

தமிழகத்தில் அந்நாள் தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடியவர்களின் நாளாக, எல்லைப் போராட்டத்தின் ஓர் இயலாக நினைக்கப்படுகிறது. அதே நாள் இந்திய சோஷலிஸ்ட் இயக்கத்தை இரண்டாகப் பிளந்தது என்பதைக் குமரி மாவட்டத்துக்கு வெளியே நம்மவர் பெரும்பாலும் பேசுவதில்லை. மறுபுறம், இயக்க வரலாற்றை எழுதிய வடபுலத்தார் இதனைப் பெரும்பாலும் ‘திருவிதாங்கூர்-கொச்சித் துப்பாக்கிச்சூடு’ என்றே குறிக்கின்றனர். இந்தப் பெயரீட்டில் ஊர் இல்லை; இறந்தவர்களின் மொழி இல்லை; அவர்கள் எதைக் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள் என்பதற்கான தடயமும் இல்லை. அவர்கள் எந்த மாநிலத்தைவிட்டு வெளியேற விரும்பினரோ அதன் பெயராலேயே அவர்களது சாவு அறியப்படுகிறது. மொழியியல் படித்தவனுக்கு இது சிறு செய்தியன்று.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி 1934இல் அமைப்பு வடிவம் பெற்றது. ஆனால் அதன் கரு அதற்கு முன்னரே நாசிக் சிறையில் உருவாகிவிட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அச்சுத் பட்வர்தன், அசோக் மேத்தா, மினூ மசானி ஆகியோருடன் புனேயின் எஸ்.எம். ஜோஷியும் நானாசாகேப் கோரேயும் அச்சிறை விவாதங்களில் இருந்தவர்கள். 1948இல் அதே நாசிக்கில் கூடிய மாநாட்டில் அவர்கள் காங்கிரஸைவிட்டு வெளியேறினர். காங்கிரஸுக்கு இயல்பான மாற்று தாமே என்ற நம்பிக்கையோடு முதற்பொதுத்தேர்தலைச் சந்தித்தனர். மக்களவையில் கிடைத்தவை 12 இடங்கள். வாக்குகளோ பத்து விழுக்காட்டைச் சற்றே தாண்டின. அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கைப் பெற்ற கம்யூனிஸ்டுகள் 16 இடங்களைப் பிடித்திருந்தனர். இந்த அதிர்ச்சியின் விளைவாக 1952இல் கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியோடு இணைந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சி பிறந்தது.

தோற்ற கட்சி இனி என்ன செய்வது? 1953 ஜூனில் பேதூலில் கூடிய சிறப்பு மாநாட்டில் அசோக் மேத்தா ஒரு வாதத்தை முன்வைத்தார். பின்தங்கிய பொருளாதாரத்துக்கு அதற்கேயுரிய நிர்ப்பந்தங்கள் உண்டு; மூலதனம் திரட்டவும் திட்டமிடவும் வேண்டிய நாட்டில் எதிர்ப்புக்காகவே எதிர்ப்பது வீண்; ஆளுங்கட்சியோடு உடன்படத்தக்க களங்களைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம். ராம் மனோகர் லோகியா இதனை மறுத்தார். காங்கிரஸிடமிருந்தும் கம்யூனிஸ்டுகளிடமிருந்தும் சமதூரத்தில் நிற்பதே சோஷலிஸ்டுகளின் தனித்தன்மை என்றார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நேருவும் ஜெயப்பிரகாஷும் நடத்திய ஒத்துழைப்புப் பேச்சு முறிந்துபோயிருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் புத்தகயையில் பூதான இயக்கத்துக்குத் தம் வாழ்வை அளிப்பதாக அறிவித்துக் கட்சி அரசியலிலிருந்து விலகத் தொடங்கினார். இலட்சியத்துக்கும் நடைமுறைக்கும் இடையே அகப்பட்டவர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் மூன்றாவது கதவு அது. அதன் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் இப்பதிவின் பொருள் அதுவன்று.

1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சியில் தேர்தல் நடந்தது. 117 இடங்களில் காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சி 9, சுயேச்சைகள் 9. இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு கண்டு போட்டியிட்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, தேர்தல் முடிந்ததும் காங்கிரஸின் வெளியாதரவை ஏற்று ஆட்சியமைத்தது. பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானார். 19 பேரைக் கொண்டு 117 பேர் அவையை ஆளும் அரசு. நாட்டில் சோஷலிஸ்டுகளின் கையில் அப்போதிருந்த ஒரே மாநில அரசும் அதுவே. பேதூலில் ஏட்டளவில் நடந்த வாதம் திருவனந்தபுரத்தில் நாற்காலி வடிவம் எடுத்தது எனலாம்.

மார்ஷல் நேசமணியின் தலைமையிலிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிப் பல ஆண்டுகளாகப் போராடி வந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரிலேயே அமைக்கப்பட்டிருந்தது. ஆணையம் ஆராய்ந்துகொண்டிருக்கும்போது கிளர்ச்சி எதற்கு என்பது அரசின் நிலை. ஆணையம் முடிவெடுக்குமுன் தம் விருப்பத்தைக் காட்டாவிடில் பின் எப்போது காட்டுவது என்பது போராடியோரின் நிலை. இரண்டுமே நடைமுறை சார்ந்த வாதங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு 11ஐ விடுதலை நாளாக அறிவித்து மக்கள் திரண்டனர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. இறந்தோர் தொகையில் கணக்குகள் ஒத்துவரவில்லை. சோஷலிஸ்ட் இயக்க எழுத்துகளில் நால்வர் என்றிருக்கும். குமரிப் போராட்டத்தைப் பேசும் எழுத்துகளில் அது பதினொன்றாகவும் இருக்கும்.

லோகியா அப்போது கட்சியின் பொதுச்செயலாளர். உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வுக்கு எதிரான கிளர்ச்சியை ஒட்டிக் கைதாகி, நைனிச் சிறையில் இருந்தார். அங்கிருந்து தம் கட்சியின் முதலமைச்சருக்கே செய்தி அனுப்பினார். நீதி விசாரணை நடத்துக. அமைச்சரவை பதவி விலகுக. சுதந்திர நாட்டில் ஆயுதமற்ற கூட்டத்தின்மீது சுடும் வழக்கத்தை ஒழிப்பதாகச் சொல்லும் கட்சி, தன் ஆட்சியிலேயே அது நிகழ்ந்தால் முதலில் இறங்கிவிட்டுப் பின்னர் விசாரிக்க வேண்டும். அப்படி ஒரு முன்னுதாரணம் இந்திய அரசியலில் உருவாக வேண்டும் என்பது அவரது நோக்கம். பட்டம் தாணுபிள்ளை இணங்கவில்லை. கட்சியின் தேசியச் செயற்குழுவும் பதவி விலகல் தேவையில்லை என்றது. லோகியா பொதுச்செயலாளர் பொறுப்பைத் துறந்தார். நவம்பரில் நாக்பூரில் கூடிய சிறப்பு மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. செயற்குழுவின் பக்கமே பெரும்பான்மை நின்றது. லோகியாவின் பக்கமும் கணிசமானோர் நின்றனர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். செயற்குழுவின் தரப்பை வெறும் பதவியாசை என்று ஒதுக்குவது வரலாற்று வாசிப்பு ஆகாது. ஒவ்வொரு துப்பாக்கிச்சூட்டுக்கும் அரசு இறங்குவதென்றால், அரசைக் கவிழ்க்க விரும்பும் எவரும் ஒரு துப்பாக்கிச்சூட்டை வரவழைத்தால் போதும். விசாரணைக்கு முன்னரே தண்டனை ஏற்பது நீதியாகுமா? சட்டமன்றக் கட்சியின் அரசை, செயற்குழுவைக் கலந்துகொள்ளாமல் பொதுச்செயலாளர் ஒருவர் சிறையிலிருந்து பதவி விலகச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? இவை கனமான கேள்விகள். குறிப்பாக மூன்றாவது கேள்வியை லோகியாவைப் போற்றுவோர் எளிதாகக் கடந்துபோவதை நான் ஏற்பதில்லை. கட்சிக்குள் ஜனநாயகம் என்பதும் ஓர் இலட்சியம்தானே.

மாக்ஸ் வேபர் 1919 ஜனவரியில் மியூனிக் நகரில் ஆற்றிய, அரசியலைத் தொழிலாகக் கொள்வது குறித்த சொற்பொழிவை நம் வகுப்பறைகளில் ஓயாமல் மேற்கோள் காட்டுகிறோம். நம்பிக்கையின் அறம் ஒருபுறம், விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறம் மறுபுறம். இவ்விரட்டையை மார்த்தாண்டத்தின்மீது வைத்து, லோகியா முன்னதற்கும் மேத்தாவும் பட்டமும் பின்னதற்கும் எடுத்துக்காட்டு என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியும் வருகிறோம். வேபரோ இரண்டையும் ஒருவருக்குள்ளேயே ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டியவையாகக் கண்டவர். விளைவுகளை எடைபோட்டுச் செயல்படும் முதிர்ந்த மனிதன் ஏதோ ஓர் இடத்தில் ‘இதற்குமேல் இயலாது’ என்று நின்றுவிடுவதையே அவர் உயர்வாகப் பேசினார். அந்த இடம் எது என்பதுதான் வினா. அதனை ஆட்சி ஏறுமுன் வரையறுத்துக்கொள்ளாத கட்சிக்கு, ஏறியபின் வரையறுப்பது ஏறத்தாழ இயலாத காரியம். ஏனெனில் அப்போது ஒவ்வொரு வரையறையும் யாரோ ஒருவரின் நாற்காலியைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். பிரான்சில் 1899இல் சோஷலிஸ்டான மில்லராண் அமைச்சரவையில் சேர்ந்தபோது, பாரிஸ் கம்யூனை ஒடுக்கிய ஜெனரல் கலிஃபே அதே அமைச்சரவையில் போர் அமைச்சராக இருந்தார். உலக சோஷலிஸ்ட் இயக்கம் அதுபற்றிப் பல ஆண்டுகள் வாதிட்டது. எந்த அமைச்சரவையில் சேரலாம் என்பதே அவ்வாதத்தில் மேலோங்கிய கேள்வி. எப்போது வெளியேற வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியும் அவ்வாறே. பேதூல் தீர்மானங்கள் ஒத்துழைப்பின் தொடக்கத்தைப் பற்றியவை. முடிவைப் பற்றியவை அல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. லோகியாவின் கோரிக்கை துப்பாக்கியைப் பற்றியது. எல்லையைப் பற்றியது அன்று. செயற்குழுவின் மறுப்பும் அரசைப் பற்றியது. நாக்பூரில் மோதிய இரு தரப்பாருக்கும் இறந்தவர்கள் ஒரு கோட்பாட்டுச் சிக்கலின் சந்தர்ப்பமாகவே இருந்தனர். தமிழ் வட்டங்கள் எங்கே சேர வேண்டும் என்று தீர்ப்பளிக்க அம்மாநாடு கூடவில்லை. நடைமுறைவாதத்தின் கணக்கேட்டில் விலை தருபவரின் பெயர் இடம்பெறுவதில்லை என்று குறைகூறுவது எளிது. இங்கே இலட்சியவாதத்தின் ஏட்டிலும் அது இடம்பெறவில்லை.

கணக்கின் முடிவு என்ன? எந்த அரசைக் காப்பாற்றப் பதவி விலகல் மறுக்கப்பட்டதோ அவ்வரசு 1955 பிப்ரவரியில், ஆறே மாதத்தில், காங்கிரஸ் கைவிட்டதால் கவிழ்ந்தது. எந்த ஆணையத்தைக் காரணம் காட்டிக் கிளர்ச்சி அடக்கப்பட்டதோ அந்த ஆணையமே தமிழ் வட்டங்களைச் சென்னையோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. ஆக, நடைமுறைவாதம் தன் சொந்த அளவுகோலாலேயே தோற்றது. இலட்சியத் தரப்பும் வென்றதாகக் கூறவியலாது. லோகியா கேட்ட முன்னுதாரணம் இன்றளவும் இந்திய அரசியலின் மரபாக வேரூன்றவில்லை. 2007 மார்ச்சில் நந்திகிராமத்தில் 14 பேர் இறந்தபோது ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் இறந்தனர். எவரும் இறங்கவில்லை.

கட்சியின் பிளவு முழுமையடைந்தது மற்றொரு தமிழ் ஊரை ஒட்டி. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோஷலிசப் பாணிச் சமுதாயம் தன் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அசோக் மேத்தா அதில் நம்பிக்கைக்கு இடம் கண்டார். புனேயில் பிறந்து ஃபெர்குசன் கல்லூரியில் படித்த மது லிமயே அதனை வெளிப்படையாகத் தாக்கினார். பம்பாய்க் கட்சிக் கிளை அவரை இடைநீக்கம் செய்தது. அவருக்காக நின்ற லோகியாவும் நீக்கப்பட்டார். ஆண்டிறுதியில் ஹைதராபாதில் தனி சோஷலிஸ்ட் கட்சி தோன்றியது. இரு தரப்பாரும் மதித்த ஆச்சார்ய நரேந்திர தேவ் அடுத்த பிப்ரவரியில் ஈரோட்டில் காலமானார். மார்த்தாண்டம், ஆவடி, ஈரோடு: இந்திய சோஷலிஸ்டுகளின் பிளவுக்காலத்தைத் தமிழ்நிலத்தின் வரைபடத்திலேயே குறித்துவிடலாம் போலிருக்கிறது. (தற்செயல்தான். ஆயினும் நம் வரலாற்றுப் பாடங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது தற்செயல் அன்று.)

இனிப் புனே. பிளவின்போது ஜோஷியும் கோரேயும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியிலேயே நின்றனர். லிமயே லோகியாவோடு சென்றார். ஆனால் கட்சி அவரை இடைநீக்கம் செய்த அதே 1955இன் நடுப்பகுதியை நோக்குங்கள். மே மாதம் கோரே சத்தியாக்கிரகிகளின் முதல் அணியோடு போர்ச்சுகீசியக் கோவாவுக்குள் நுழைந்து பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஜூலையில் லிமயே நுழைந்தார், பன்னிரண்டாண்டுத் தண்டனை. இருவரும் 1957 தொடக்கம்வரை கோவாவில் சிறையிருந்தனர். யார் இலட்சியவாதி, யார் நடைமுறைவாதி என்று வெளியே கட்சி தீர்ப்பெழுதிக்கொண்டிருக்கையில், இரு தரப்பையும் சேர்ந்த புனேக்காரர்கள் ஒரே அந்நிய அரசின் சிறைகளில் இருந்தனர். இவ்வடைமொழிகளை ஆட்களின்மீது ஒட்டுவதில் எனக்குள்ள தயக்கத்துக்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் சம்யுக்த மகாராஷ்டிரம். 1956 பிப்ரவரியில் புனேயில் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி உருவானது. எஸ்.எம். ஜோஷி அதன் பொதுச்செயலாளர். டாங்கே முதலிய கம்யூனிஸ்டுகள், உழவர் உழைப்பாளர் கட்சியினர், அம்பேத்கர் நிறுவிய பட்டியல் சாதியினர் சம்மேளனத்தார் என்று ஒன்றோடொன்று ஒவ்வாதவர்கள் அதில் இருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்தன. கம்யூனிஸ்டுகளோடு கூட்டே கூடாதென்று வாதிட்டுவந்த கட்சியின் தலைவர் ஒருவர், அத்தருணத்திலும் அவர்களோடு ஒரே மேடையில் நின்றார். இது நடைமுறைவாதமா இலட்சியவாதமா? ஒரே ஒரு குறிக்கோள், அது நிறைவேறும் வரைக்குமான கூட்டு என்ற வரம்பு தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது என்பதே என் கருத்தில் முக்கியம். திருவனந்தபுரத்தில் இல்லாதிருந்தது அந்த வரம்புதான்.

மொழிவாரி மாநிலம் கேட்டவர்கள்மீது இங்கும் துப்பாக்கி பாய்ந்தது. 1955 நவம்பரிலும் 1956 ஜனவரியிலும் மொரார்ஜி தேசாயின் அரசு சுட்டதில் விழுந்தவர்கள் உள்ளிட்டு, இயக்கத்தின் உயிர்ப்பலி 106 என்று இங்கே எண்ணப்படுகிறது. மும்பையின் ஹுதாத்மா சௌக் அவர்கள் பெயரால் அமைந்தது. சமிதி நீதி விசாரணை கேட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் மார்த்தாண்டத்தில் தம் கட்சியின் அரசு இதே கோரிக்கைக்காரர்களைச் சுட்டதும், கட்சி அவ்வரசின் பக்கம் நின்றதும் அப்போது புனே சோஷலிஸ்டுகளின் நினைவில் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் இக்காலத்தை வாசிக்கும்போதெல்லாம் எழுகிறது. விந்தை என்னவெனில், இத்துப்பாக்கிச்சூடுகளுக்கு விசாரணை மறுக்கப்பட்டதையும் ஒரு காரணமாகக் காட்டி 1956இல் உண்மையிலேயே பதவி விலகியவர் சோஷலிஸ்ட் அல்லர், ஐ.சி.எஸ். அதிகாரியாக வாழ்வைத் தொடங்கிய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். லோகியாவின் இலக்கணத்துக்கு மிக நெருங்கி வந்தவர் அவரே.

1957 தேர்தலில் சிறையிலிருந்து மீண்ட கோரே, புனேயில் காங்கிரஸின் காகாசாகேப் காட்கிலைத் தோற்கடித்து மக்களவை சென்றார். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது, சமிதி சிதறியது. முட்டா ஆற்றின் மீது ஜோஷியின் பெயரால் ஒரு பாலம் இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் அதன்மேல் நிற்கும் நேரங்களில், அடைமொழிக்கு அடங்காத இம்மனிதரைப் பற்றி எண்ண எனக்கு வாய்ப்பு நிறையவே கிடைக்கிறது.

சொற்களைப் பற்றி ஒன்று. தமிழில் ‘சமரசம்’ என்னும் சொல் வள்ளலாரின் சன்மார்க்கத்தில் உயர்ந்த நிலையைக் குறிப்பது. கட்சி அரசியலிலோ ‘சமரசவாதி’ என்பது வசை. மராத்தியில் இவ்விரண்டு வேலைகளும் வெவ்வேறு சொற்களுக்குரியவை. பேரம்பேசி விட்டுக்கொடுத்து ஓர் உடன்பாட்டுக்கு வருவது ‘தட்ஜோட்’; குடும்பச் சண்டை முதல் நீதிமன்ற வழக்கு வரை அதனைக் கூச்சமின்றிச் சொல்வார்கள். ‘சமரஸதா’ என்பதோ வேறு அரசியலின் சொல். அதனை ‘சமதா’ எனும் சமத்துவத்துக்கு எதிராக நிறுத்தி அம்பேத்கரியர்கள் கேள்வி எழுப்புகின்றனர். விட்டுக்கொடுத்தலுக்குக் கறையற்ற ஒரு சொல் இருக்கும் மொழியில் அரசியல் தீட்டுப்பாடு குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல் அவ்வளவு வலிமையுடையதன்று. ஆனால் எதை விட்டுக்கொடுத்தோம், யாருடையதை விட்டுக்கொடுத்தோம் என்ற வினாவைச் சமரசம் என்ற சொல் மூடிவிடும் அளவுக்குத் தட்ஜோட் மூடுவதில்லை. தட்ஜோட் என்றால் இரு தரப்பு இருந்தே ஆக வேண்டும்.

அடைமொழிகள் ஆள் மாறிய கதைக்கு வருகிறேன். 1954இல் பதவி விலகக் கோரிக்கை வந்தபோது மறுத்த பட்டம் தாணுபிள்ளையும் அவரது கட்சியும், 1959இல் இ.எம்.எஸ். அரசை எதிர்த்த விமோசன சமரத்தில் முன்னணியில் இருந்தனர். அங்கமாலி முதலிய இடங்களின் துப்பாக்கிச்சூடுகளைக் காட்டி அரசு இறங்க வேண்டும் என்றனர். கம்யூனிஸ்ட் அரசும் அதற்கு முந்தைய ஆண்டே சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1960இல் பட்டம் காங்கிரஸ் கூட்டணியின் முதலமைச்சர். 1962இல் பஞ்சாப் ஆளுநர்.

சமதூரம் பேசிய லோகியா 1963இல் காங்கிரஸ் எதிர்ப்பே முதற்கடமை என்று கண்டு, ஜனசங்கத்தோடு தேர்தல் ஒத்துழைப்புக்கு இறங்கினார். ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று மக்களவை புகுந்ததும், 1967இல் பல மாநிலங்களில் கூட்டணி அரசுகள் அமைந்ததும் அவ்வழியின் பயன்கள். அந்தக் கணக்கின் நீண்டகால வரவு யாருக்குச் சேர்ந்தது என்பதை இன்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில், 1979இல், ஜனதா கட்சிக்குள் இரட்டை உறுப்பினர் பிரச்சினையை எழுப்பி அதே ஜனசங்கத்தாரோடு மோதியவர் லோகியாவின் சீடரான மது லிமயே.

நடைமுறைவாதத்தின் தத்துவாசிரியரான அசோக் மேத்தா 1963இல் திட்டக்குழுவின் துணைத்தலைவராகி, பின் காங்கிரஸில் சேர்ந்து மத்திய அமைச்சருமானார். கதை அங்கே முடிந்திருந்தால் பதிவு எழுத வசதியாக இருந்திருக்கும். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவில் நுழைந்தன. அதனைக் கண்டிக்கும் தீர்மானத்தின்மீது ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அமைச்சர் மேத்தா பதவி விலகினார். தொலைநாட்டு மக்களின்மீது ஏவப்பட்ட படைக்காகப் பின்தங்கிய பொருளாதாரத்தின் நிர்ப்பந்தங்களையெல்லாம் ஒதுக்கிவைத்து ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். ‘இதற்குமேல் இயலாது’ என்ற இடம் அவருக்குள்ளும் இருந்தது. அது விளவங்கோடு வட்டத்தில் இல்லை; பிராகாவில் இருந்தது.

விலை தருபவர் யார் என்ற வினாவை மகாராஷ்டிரம் மறுபடி ஒருமுறை சந்தித்தது. 1978 ஜூலை 27 அன்று மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கரின் பெயரைச் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. சரத் பவாரின் தலைமையில் ஜனதா கட்சியும் பங்கேற்ற அரசு அது; ஜனதாவில் பழைய சோஷலிஸ்டுகள் முக்கிய இடம் வகித்தனர். முதுமையிலும் எஸ்.எம். ஜோஷி பெயர்மாற்றத்தை ஆதரித்து நின்றார். ஆனால் தீர்மானம் நிறைவேறிய உடனேயே மராத்வாடாவின் ஊர்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. அமைதி கருதி அரசு செயலாக்கத்தை ஒத்திவைத்தது. ஒத்திவைப்பு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இடையில் ஆட்சிகள் மாறின, 1989இல் ஜோஷி காலமானார், 1993இல் கோரேயும்.

1994 ஜனவரி 14 அன்று பெயர் மாறியது. ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்’ என்பது புதிய பெயர். பழைய பெயர் போகவில்லை, புதியது அதன்முன் சேர்ந்தது. இயக்கத்தார் கேட்டது ‘நாமாந்தர்’, அதாவது பெயர்மாற்றம். நடந்ததற்கு வழங்கிய பெயர் ‘நாமவிஸ்தார்’, பெயர் விரிவாக்கம். அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாடுவோரில் இன்றும் சிலர் முதற்சொல்லைச் சொல்கின்றனர், சிலர் இரண்டாவதை.